வாட்சின் பின்பக்கம் இருந்த பெயர்

போன வருடம் ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்கு வந்த கூட்டம் ஈரத் தலையோடு தென்காசியில் இருக்கும் என் பாத்திரக் கடைக்குள் நுழைந்து, டிபன் கேரியர் விலை கேட்டுவிட்டு, வாங்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆவணியில் என் ஒரே மகளுக்குக் கல்யாணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபக்காரன். யாராவது அடாவடியாக விலை குறைத்துக் கேட்டால், பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவேன். என் மனைவி என்னோடு சண்டை போடுவதில்லை. நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அவள் நினைத்ததைச் செய்துவிடுவாள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு அன்று பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது வழக்கம். தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுவருவோம். என்ன கம்பெனி வாட்ச் என்று பார்ப்பதற்கென்றே நாலு பேர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்து பார்த்தவன்தான். அதனால் என் மகள் கல்யாணத்துக்கு நல்ல வெளிநாட்டு வாட்ச், பார்த்தவன் வாயடைத்துப் போகிற மாதிரி, வாங்குவதென்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள். "அப்பா, அவிய புது வாட்ச் வேண்டாம்னு சொல்லுதாவ. பழசு ஒண்ணு பாத்து வச்சிருக்காவளாம். தினமும் கீ குடுக்கிற வாட்ச். அது போதுமாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏட்டி, எவனோ கட்டிக் கழட்டுன வாட்ச்ச கல்யாணத் தட்டுல வைக்கதுக்கு நீ என்ன ரெண்டாம் தாரமா?"

"வாட்ச்தாம்பா பழசு. பொண்ணு புதுசுதான்" என்றாள். என் மனைவி சிரித்துவிட்டாள். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இன்ஜினியர். அமைதியான பையன். பழைய வாட்ச் பிடித்தவர்கள் போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்களாம். அதில் குற்றாலத்து டீச்சர் ஒருவர் தன் அப்பாவின் வாட்சை விற்பதற்காகப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அதைத்தான் மாப்பிள்ளை கேட்டது. என் வசதியைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போய், ஷோரூமில் இருந்ததிலேயே நல்லதாக ஒரு புது வாட்ச் வாங்கிவிட்டேன். மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரிக்காமல் இருந்தால் பத்து நாளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அதற்கு அவசியம் வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பழசில் என்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிடலாம் என குற்றாலத்துக்கு வண்டியை எடுத்தேன். ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் டீச்சர் வீடு. நாற்பத்தைந்து வயது இருக்கும். வாட்சை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

மெலிசாக, ஒரு பிஸ்கட் அளவுக்குத்தான் இருந்தது. வெள்ளை டயல் லேசாக மஞ்சளடித்திருந்தது. கீ கொடுத்துக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். சுத்தமாக ஓடியது. திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர், பாதி தேய்ந்து கிடந்தது.

"அப்பா பேரு. புளியறைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல ஒரு எஸ்டேட்ல முப்பது வருசம் வேலை பாத்தாவ. ரிடையர் ஆகும்போது அங்க பேரு வெட்டிக் குடுத்தது" என்றார்.

"அப்போ ஏன் குடுக்கிய டீச்சர்?"

"பீரோவுல கிடந்தா கெட்டுப் போகும் அண்ணாச்சி. எங்க வீட்டுல யாரும் வாட்ச்சே கட்டுறதில்ல. உங்க மாப்பிள்ளை போன்ல அரைமணி நேரம் அப்பாவப் பத்தியே கேட்டாரு. அவரு கையில இருந்தா ஓடும்."

நான் வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் வீட்டில் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் வாட்சை அப்படியே என் கையில் கொடுத்தார். அட்வான்ஸ் கூட வாங்கவில்லை. "எங்க கல்யாணத்துக்குப் பாத்திரமெல்லாம் உங்க கடையிலதான் எடுத்தோம். ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா கொண்டாங்க" என்றார்.

கடைக்கு வந்து இரண்டு வாட்சையும் கல்லாவின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதுசு கனமாக, என்னைப் பார் என்று மின்னியது. கொடுத்த காசு வெளியே தெரியும் பொருள். பழசு ஒன்றும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கையில் கட்டிப் பார்ப்போம் என்று பழசைக் கட்டினேன். சாயங்காலம் வரை கழற்றவில்லை. எத்தனை தடவை மணி பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் காலையில் எழுந்ததும் கீ கொடுத்தேன். அப்போதே மனசுக்குள் முடிவாகிவிட்டது. பையனுக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது, இதையே கொடுப்போம் என்று. புதுசைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அதைச் செய்தேன்.

பாத்திரக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். யாராவது பழைய பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துப் போனால், பழசில் நல்லதாக இருப்பதை பாலிஷ் மெஷினில் கொடுத்துப் பழைய பெயரை அழித்துவிடுவோம். அடுத்து வாங்குகிறவர் பெயரை வெட்டிக் கொடுப்போம். நான் அழித்த பெயர்களுக்குக் கணக்கே கிடையாது. வேறொருவர் பெயரோடு மாப்பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பின்மூடியை மெஷினில் காட்டினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதில் மாப்பிள்ளை பெயரைத் தமிழில், கோணாமல், அழகாக வெட்டினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவள் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"போட்டோவுல பாத்தப்போ இதுல ஒரு பேரு இருந்துச்சேப்பா."

"அழிச்சாச்சு."

"டீச்சர்கிட்ட வேணும்னு சொல்லிட்டியளா?"

"சொல்லணும்."

"அப்போ இது இன்னும் அவங்க வாட்ச்தானப்பா?"

வழக்கம்போலக் கத்த வாயைத் திறந்தேன். கத்துவதற்கு ஒன்றும் இல்லை. அவள் சொன்னது சரி. அது டீச்சருடைய அப்பா பெயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அழித்தேன். கடையில் யாராவது பாத்திரத்தைப் பார்க்க எடுத்துப் போய், பேசி முடிக்கும் முன்னால் அதில் பெயர் வெட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்!

மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து சொன்னேன். டீச்சருக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "சனிக்கிழமை ஊருக்கு வாரேன் மாமா. ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிருவோம்" என்றார். சனிக்கிழமை வரை என்னால் தாங்க முடியாது என்றேன்.

மறுநாள் புது வாட்சையும் எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். "மழையில நிக்கியளே, உள்ள வாங்க அண்ணாச்சி" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது.

வாட்சை வாங்கி, கட்டை விரலால் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது திட்டிவிட்டால் தேவலை என்று நின்றேன். கடைசியில், "பேரு நல்லா வெட்டியிருக்கிய" என்றார். என் வாழ்க்கையில் அதைவிட மோசமான பாராட்டை நான் வாங்கியதில்லை.

புது வாட்ச் பெட்டியை முன்னால் வைத்தேன். இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. "அப்பா பேருக்குப் பதிலா இதா அண்ணாச்சி? எடுங்க."

"அப்போ பழைய பேரையே திரும்ப வெட்டித் தாரேன் டீச்சர். அச்சு அசலா வெட்டுவேன்."

"வேண்டாம். அது நீங்க எழுதுனதாத்தான் இருக்கும்."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "நீங்க அழிச்ச பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

எனக்கு வரவில்லை. கையில் வைத்துப் படித்த பெயர். முந்தின நாள் என் கையாலேயே அழித்த பெயர். முதல் எழுத்து கூட ஞாபகம் வரவில்லை. பிறகு அவரே சொன்னார், இனிஷியலோடு. என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். ஐம்பத்தேழு வயதில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"உங்க மாப்பிள்ளைகிட்டயும் சொல்லுங்க. வாட்ச் அவருக்குத்தான். நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். மாப்பிள்ளையிடம் முதலில் பேசிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை. ஒரு காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

புது வாட்சை ஷோரூமில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு அன்று முன் வரிசையில் இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பழசு மாதிரி இருக்கு?" என்றார். "மாதிரி என்ன, பழசேதான்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, என் முகம் அப்படி. டீச்சரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை போய் அவரிடம் கையை நீட்டி வாட்சைக் காட்டினார். நான் பக்கத்தில் போகவில்லை.

கோபத்தில் நான் செய்த தப்புகள் நிறைய. அதற்கெல்லாம் மறுநாள் போய் நிற்கவும், மன்னிப்புக் கேட்கவும் எனக்குப் பழகிவிட்டது. இது கோபத்தில் இல்லை, மனசு நிறைந்து செய்தது; இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பெயரை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அப்படியும், செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு முடித்த மாதிரி இன்று வரைக்கும் தோன்றவில்லை.