பின்வரிசையில் நின்று எழுதிய பரீட்சை

மூன்றாம் வகுப்பில் எனக்கு எதுவும் வராது என்று பள்ளிக்கூடம் முடிவுகட்டியிருந்தது. நான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன். திருநெல்வேலி டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். காயல்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்கள் சேட்டை என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள். முழுப்பரீட்சையில் தேறாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகும்படி தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வாப்பா ரியாத்தில் இருந்ததால் எல்லாம் உம்மா தலையில்தான் விடிந்தது.

ஆனால் சாயங்காலம் குர்ஆன் ஓதப் போகும் வீட்டில் என்மேல் ஒரு புகாரும் கிடையாது. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த உம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் முன்னும் பின்னும் ஆடி ஆடி ஓதிக்கொண்டிருந்தோம். அங்கே அதுதான் வழக்கம். ஆடாமல் இருந்தால், தூங்குகிறாயா என்று ஓதிக்கொடுக்கும் மாமி தொடையில் தட்டுவார்.

"இவ இங்கன எப்படி இருக்கா மாமி?" என்று உம்மா கேட்டாள்.

"நல்லா ஓதுதா. அவளுக்கு என்ன கொறச்சல்?"

மறுநாளே என் பாடங்கள் எங்கள் வீட்டு ஊஞ்சலுக்கு மாறின. நான் ஆடுவேன், உம்மா கேள்வி கேட்பாள். ஏழாம் வாய்ப்பாடு, மாநிலத் தலைநகரங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாம் மண்டையில் ஏறின. ஊஞ்சல் நின்றால் விடையும் நின்றுவிடும். பரீட்சை ஹாலில் ஊஞ்சல் இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. உம்மாவுக்கு உறைத்திருக்கிறது.

பரீட்சையன்று காலையில் தலைமையாசிரியை அறைக்குள் போன உம்மா வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, என்னை மட்டும் கடைசி வரிசையில் ஓர் உயரமான மேசைக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். காலை மாற்றி மாற்றி வைத்து, ஆடிக்கொண்டே எழுதினேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அந்தப் பரீட்சையில் தேறினேன். பிறகு வந்தவற்றிலும் ஒருமாதிரி தேறி, இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், நடந்துகொண்டேதான். ஆனால் அன்று வீடு திரும்பும்போது எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

"நா என்ன தப்பு செஞ்சேன்? என்னய மட்டும் ஏன் நிக்க வச்சாவ?"

உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி வர நிக்க உட்டாவளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

பெற்ற பிள்ளைக்குத் தண்டனை கிடைத்ததற்காக அல்லாஹ்வைப் புகழும் உம்மாவை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் கையை உதறிவிட்டுத் தெருமுனைவரை தனியாக நடந்தேன்.