இரண்டாம் ஜன்னல்காரியின் களக்குறிப்பு

எங்கள் மருத்துவமனையில் வெளிநோயாளிகளைப் பதிவு செய்ய நான்கு ஜன்னல்கள் இருந்தன. அவற்றில் இரண்டாவதில் எட்டு ஆண்டு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி எழுதுகிறேன். யார் பெயரும் வரக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அங்கே எல்லாரும் அவளை 'ரெண்டாம் ஜன்னல்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் நோயாளிகளின் கோப்புகளைப் பாதுகாக்கும் ஆவண அறைக்குப் பொறுப்பாளனாக இருந்தேன்.

அவள் கல்லூரியில் மானுடவியல் படித்தவள். பதிவு ஜன்னலுக்கு அந்தப் படிப்பு தேவையில்லை. ஆனால் அது அவளை விடவில்லை. பெயர், வயது, முகவரி கேட்டு அட்டை கொடுத்தால் வேலை முடிந்தது. அவள் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பாள். "போன தடவை வேற வயசு சொன்னீங்களே, ஏன்மா?" என்பாள். மற்ற ஜன்னல்களில் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆனால் இவளிடம் மூன்றேகால் நிமிடம் ஆகும். இரண்டு வாரம் கடிகாரத்தை வைத்து நான் பார்த்த கணக்கு இது. இவள் எதற்குக் கேட்கிறாள், யாருக்காகக் கேட்கிறாள் என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது.

2014 மார்ச் 6, வியாழன். மதிய உணவு அறையில் அவள் ஒரு தாளை விரித்து வைத்திருந்தாள். மானுடவியலோடு இன்னொரு துறையைச் சேர்த்துப் படிக்கும் முதுநிலைப் படிப்புகள் அதில் வரிசையாக இருந்தன. சட்டத்தோடு, நகரத் திட்டமிடலோடு, கல்வியியலோடு, அருங்காட்சியகப் பணியோடு, பொது சுகாதாரத்தோடு. கடைசியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர் அன்று எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மனுஷங்களைப் பத்திப் படிச்சே. எட்டு வருஷமா அட்டை எழுதறே. இப்ப அதோட இன்னொன்னைச் சேர்த்துக் கட்டினா மட்டும் ஓடிடுமா?" என்றார் அண்ணன்.

"உன் லிஃப்ட்ல கயிறு மட்டும் இருந்தா ஓடுமா? மோட்டார் வேணாம்?"

"கயிறு அறுந்தா நான் வந்து மாட்டுவேன். உன் படிப்பு பாதில அறுந்தா யாரு வருவா? ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுப் பிள்ளைன்னா, அவன் 'அங்க போய்ச் சாப்பிடு'ம்பான், இவன் 'அங்கேயே சாப்பிட்டிருப்பே'ம்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு பொருள்கள் தேவை. மனிதர்களை நேரில் கவனித்துத் தன் கையால் எழுதிய இருபது பக்கக் களக்குறிப்பு ஒன்று. இரண்டு ஆண்டு விடுப்பு தர வேலை செய்யும் இடம் சம்மதிக்கும் கடிதம் மற்றொன்று. மார்ச் 31 மாலை ஐந்து மணிக்குள் இரண்டும் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு அப்போது முப்பத்தொன்று. அந்தப் படிப்பில் சேர முப்பத்திரண்டுதான் உச்ச வயது. இந்த ஆண்டை விட்டால் பிறகு இல்லை.

மார்ச் 11 அன்று உணவு அறைப் பெஞ்சில் அவள் அந்தக் களக்குறிப்பை எழுதிவந்த நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் அதை எடுத்தார், படித்தார், நேரே கண்காணிப்பாளர் மேடத்தின் மேஜையில் வைத்தார். நோட்டில் மனிதர்கள் யாருமே இல்லை, எண்கள்தான். ஊழியர்கள் பதினான்கு பேருக்கு ஊ-1 முதல் ஊ-14 வரை, நோயாளிகளுக்கு நோ-1, நோ-2 என்று. பக்கத்தில் நிமிடக் கணக்கில் நேரம். யாரை எழுதுகிறோமோ அவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்று பெயரை மறைப்பது அந்தப் படிப்பின் வழக்கமாம். பார்க்கிறவனுக்கு அது அப்படித் தெரியாது. பெயருக்குப் பதில் எண், எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் என்றால் துப்பு எழுதுகிறாள் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

14ஆம் தேதி காலை 9.10க்கு எங்கள் எல்லாரையும் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். நோட்டைப் பிரித்து வாசித்தார்.

"ஊ-4. பத்து அம்பதுக்கு ஷட்டரை இறக்கினார். வரிசையில் பதினேழு பேர்."

"மேடம், அன்னிக்கு டீ குடிக்கத்தான் போனேன்! பத்தே நிமிஷம்!" என்று மருந்துக்காரர் கத்தினார்.

"நாலு நீங்கதான்னு நான் சொல்லவே இல்லையே," என்றார் மேடம். மூலையில் யாரோ இருமி, சிரிப்பை மறைத்தார்கள்.

அடுத்த பக்கத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "ஊ-9. தினமும் இருபத்தைந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்கிறார். கோப்புகளில் நோயாளிகளின் வயதைப் பிளேடால் சுரண்டி மாற்றுகிறார். நோ-31 தன் வயது நாற்பத்துநாலு என்று பதிந்திருந்தார். துப்புரவு வேலைக்கு இங்கே வயதுச் சான்று வாங்கியபோது அதில் நாற்பத்தொன்பது என்று வந்தது. நாற்பத்தைந்துக்கு மேல் அங்கே ஆள் எடுப்பதில்லை. வேலை கிடைக்கவில்லை என்று பிறகு கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். ஊ-9 இதை அறியமாட்டார் என்று நினைக்கிறேன்."

ஊ-9 நான்தான். கோப்புகளைக் கையாளுகிறவர்கள் பலர் இருந்ததால் யாரும் என்னை நினைக்கவில்லை.

ஒரே நோயாளிக்கு மூன்று கோப்புகளில் மூன்று வயது இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. முதல் அட்டையில் உள்ள வயதோடு கழிந்த ஆண்டுகளைக் கூட்டி மற்றவற்றைச் சரிசெய்துவந்தேன். ஆறு ஆண்டில் 4,312 கோப்புகள். திருத்தினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. கோப்பு அசிங்கமாகிவிடும் என்று நான் பிளேடைப் பிடித்தேன். இது தெரிந்தால் வேலை போகும். ஓய்வுபெற எனக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

"ஒன்பது யாரு?" என்று மேடம் அவளைக் கேட்டார்.

"சொல்ல முடியாது மேடம்."

"சொல்ல முடியாதா, தெரியாதா?"

"தெரியும். சொல்லமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் எழுத ஆரம்பிச்சேன்."

"யார்கிட்ட சொன்னே?"

"என்கிட்டயே."

மேடம் நோட்டை மூடினார். "ஒன்பது யாருன்னு தெரியற அன்னிக்கு உன் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் நீ எனக்கு எதிரா எதையோ சேர்க்கறேன்னுதான் நினைப்பேன்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பெண் தன் எதிர்காலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் போன்ற கிழவனை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பதிலுக்கு ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவளைக் கவனித்தேன். மருந்துக்காரரோடு நான்கு நிமிடம் பேசினாள், என்ன பேசினார்கள்? என் அறை வாசலைத் தாண்டும்போது நடை மெதுவானதா? ஒருமுறை கோப்பு கேட்டு வந்தபோது நானே வாயைக் கிளறினேன்.

"நோட்டு விஷயம் என்னாச்சும்மா?"

"ஒன்னும் ஆகல சார். அந்த நீலக் கோப்பு எடுத்துத் தர்றீங்களா?"

அவ்வளவுதான். அந்தப் பதிலிலும் நான் ஒரு மிரட்டலைத் தேடினேன்.

இதற்கிடையில் சான்றுப் பதிவேட்டைப் புரட்டி நோ-31 யார் என்று கண்டுபிடித்தேன். கோப்பில் என் பிளேடு சுரண்டிய இடம் மெல்லியதாக, வெளிச்சத்தில் தெரிந்தது. என் கணக்கின்படி நாற்பத்தொன்பது சரிதான். சான்று வாங்கிய நாளுக்குப் பிறகு அந்த அம்மாள் எங்கள் மருத்துவமனைக்கு வரவே இல்லை. அதுவரை மாதந்தவறாமல் சர்க்கரைக்கு மருந்து வாங்கியவர்.

26ஆம் தேதி புதன்கிழமை அவளுடைய அண்ணன் ஆவண அறைக்கு வந்து, "சார், உங்ககிட்ட தனியாப் பேசணும்," என்றார். வந்துவிட்டது என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன்.

"தங்கச்சி லெட்டர் விஷயமா..." என்று இழுத்தார்.

"எவ்வளவு தூரம் தெரியும் உங்களுக்கு?"

"என்ன தெரியும்? வீட்ல வாயே திறக்கமாட்டேங்குது. அம்மா கேட்டுப் பார்த்தாச்சு, நான் திட்டிப் பார்த்தாச்சு. 'யாரோ ஒருத்தன் பேரைச் சொல்லிட்டு உன் வழியைப் பாரேன்டி'ன்னா, முறைக்குது. நீங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்க பேச்சுக்கு அங்க மரியாதை இருக்கு. உங்க கோப்புல ஒரு எழுத்து அழியாதுன்னு ஊருக்கே தெரியுமே."

கிண்டலா என்று அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கிரீஸ் கறையைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அவள் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அவள் எதையும் கேட்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை 9.05க்கு மேடத்திடம் போய், "ஒன்பது நான்தான்," என்றேன். பிளேடையும் திருத்திய கோப்புகளின் பட்டியலையும் மேஜைமேல் வைத்தேன். பட்டியல் 108 பக்கம்.

மேடம் பட்டியலைத் தொடவில்லை. "அவ மிரட்டினாளா?"

"இல்லை மேடம்."

"அண்ணன்காரன் நேத்து உங்க அறைக்கு வந்தானாமே?"

"லெட்டருக்குச் சிபாரிசு கேட்க வந்தார்."

"அப்போ நீங்க எதுக்காக வந்தீங்க? முப்பத்துமூணு வருஷமா இந்தக் கட்டடத்துல யாரும் தானா வந்து தப்பை ஒத்துக்கிட்டு நான் பார்த்ததில்லை."

அவருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சொன்ன சொல்படி கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. மீதி நாள்களுக்குப் பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அறைக்கு என்னை மாற்றினார். அங்கே திருத்துவதற்கு எதுவும் இல்லை.

கடிதத்தோடும் மேடம் திருப்பிக் கொடுத்த நோட்டோடும் அவள் அன்றே மாலை 4.20க்கு என்னைத் தேடி வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் சார் சொன்னீங்க? பதினோரு பக்கம் போச்சு," என்றாள்.

"எது போச்சு?"

"ஒன்பது யாருன்னு இப்போ எல்லாருக்கும் தெரியும். இனிமே அந்தப் பக்கங்களை நான் எங்கயும் காட்ட முடியாது. இருபதுல பதினொன்னு அதுதான். திங்கக்கிழமைக்குள்ள நான் எதை எழுதறது?"

"நானே ஒத்துக்கிட்டேன், இன்னும் என்ன? தாராளமா எழுது."

"மேடம்கிட்ட ஒத்துக்கிட்டீங்க. எனக்கு அனுமதி கொடுத்தீங்களா?"

"இப்பக் கொடுக்கறேன்."

முதல் தடவையாக அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்கு? நான் நல்லா எழுதணும்னா?"

"நடந்ததை எழுது. நோ-31க்கு என்ன ஆச்சுன்னும் எழுது. அந்தம்மா திரும்ப வரலைன்னு உன் நோட்டுல இல்லை."

 பிறகு பையிலிருந்து, எழுதப்படுகிறவர் கையெழுத்திடும் சம்மதப் படிவம் ஒன்றை எடுத்தாள். ஒரே பக்கம், ஏழு பத்திகள். மூன்று முறை படித்தேன். நான்காவது பத்தியில் விரலை வைத்தேன்.

"'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்'னு இருக்கே. நான் விலகிட்டா, எழுதினதை என்ன செய்வே?"

"கிழிச்சிடுவேன்."

"அது இதுல இல்லை."

"உங்களோட ஒரே தொல்லை சார்," என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் எழுதினாள், தேதி போட்டாள், சுருக்கொப்பமிட்டாள். நானும் இட்டேன். ஆளுக்கு ஒரு பிரதி.

விண்ணப்பம் திங்கட்கிழமை மதியம் 2.35க்குப் போய்ச் சேர்ந்தது. நேர்முகத்தில் சுகாதாரத் துறைப் பேராசிரியர் ஒன்பது யாரென்று கேட்டாராம், மானுடவியல் பேராசிரியர் கேட்கக் கூடாது என்றாராம், இருவரும் அவளை மறந்துவிட்டு இருபது நிமிடம் சண்டை போட்டார்களாம். ஏப்ரல் 22 அன்று இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. ஜூன் மாதம் இரண்டாம் ஜன்னலுக்கு வேறு ஆள் வந்தார்.

சம்மதப் படிவத்தின் என் பிரதி பத்திரமாக இருக்கிறது. எப்போதாவது எடுத்து நான்காவது பத்தியைப் படித்துப் பார்ப்பேன். இதுவரை நான் விலகவில்லை.