மிலூதா திரும்பி வந்தாள்

மொராக்கோவின் டாஞ்சியர் நகருக்கு மேலே மலைமுகட்டில் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல் விட்டால், கயிற்றில் தொங்கியபடி ஒட்டிச் சரிசெய்கிறவர்கள் நாங்கள். மிலூதாவும் நானும் பல வருஷம் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினோம். கூடத் தொழில் கற்றவர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். அங்கே கடலுக்குள்ளேயே காற்றாலை நடுகிறார்களாம், தேர்ந்த கைகள் போதவில்லையாம்.

ஒரு காலை, பாதி வேலையில் மேகம் வந்து எங்களை மூடிக்கொண்டது. கீழே தரை இல்லை, கடலுக்கு அக்கரையில் எப்போதும் தெரியும் ஸ்பெயினும் இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஸுஹூர், ஹாம்பர்க்ல வேலை கிடைச்சிருக்குடி. வர்றேன்னு சொல்லிட்டேன்."

"போ, போ. இங்க விரிசல் விட்டா கடல்காக்கா வந்து ஒட்டிட்டுப் போகும்."

அவள் வேலையைத் தொடர்ந்தாள். உப்புத்தாள் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அழுதது மேகத்தில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவள் கணவன் பூஷ்தா டாக்சி ஓட்டியவன். வரவே மாட்டேன் என்று நின்றவனைக் கெஞ்சித்தான் கூட்டிப்போனாள். போன இடத்தில் அவன் ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்தான். மாவு அவன் கைக்குப் பணிந்தது, மொழியும் அவளுக்கு முன்பே அவனுக்கு வந்துவிட்டது. அவளோ சாம்பல் கடல்மேல் தொங்கினாள். பனி மூடினால் பழக்கத்தில் என்னோடு பேசத் தொடங்கிவிடுவாளாம். கூட வேலை செய்த நெட்டை ஜெர்மன்காரர், தொழுகிறாள் என்று நினைத்து மரியாதையாக வாய்மூடி இருப்பாராம்.

அவள் போன மூன்றாம் குளிர்காலத்தில் எங்கள் ஊரிலேயே ஒரு தொழிற்சாலை காற்றாலை இறக்கைகள் செய்யத் தொடங்கியது. செய்தவற்றைச் சோதித்து அனுப்ப மிலூதாவை அழைத்தார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது பூஷ்தா வெகுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தானாம்.

"நீ போ மிலூதா. நான் வரல. எனக்குப் புடிச்ச வேலைய இப்பத்தான் பாக்குறேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வலித்தது என்று மட்டும் என்னிடம் சொன்னாள். தனியாகத்தான் வந்து இறங்கினாள். கோடையில் அவன் வருவான், ரமலானில் அவள் போவாள்.

இப்போது அவள் வேலை, தொழிற்சாலை முற்றத்தில் படுக்கவைத்த இறக்கையின் கூடான உட்புறத்தில். அடிப்பக்கம் நிமிர்ந்து நடக்கலாம், போகப்போக ஊர்ந்துதான் போக வேண்டும். கண்ணாடி இழைகள் வழியே வெயில் பசுமையாகக் கசியும். போன வாரம் அவளைப் பார்க்க அங்கே போயிருந்தபோது, உள்ளே போனவளைக் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து கிடந்தாள்.

"தூங்குறியாடி?"

"இல்ல. இன்னும் தூக்கி நிறுத்தவே இல்ல, அதுக்குள்ள காத்து கேக்குது. வந்து கேளு."

நானும் ஊர்ந்து உள்ளே போனேன்.