வக்கீலுக்கு என்று கேட்ட மேசை

எங்கள் வீட்டில் தட்டையாக எது இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் அதன்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிடும். மேனாம்பேட்டில் ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டும் உள்ள வாடகை வீடு. தையல் மெஷின் பலகைமேல் வெட்டிய துணி, டிரங்குப் பெட்டிமேல் மகளின் பள்ளிக்கூடப் பை, ஸ்டூல்மேல் தண்ணீர்க் குடம். நான் ரவிக்கை தைப்பவள். துணி வராத நேரத்தில் கதை எழுதுபவள். எழுதுவதற்கு மிஞ்சியிருந்தது தரையும் முறமும்தான். சுவரில் சாய்ந்து, மடியில் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நோட்டை வைத்துக்கொள்வேன். மூன்று பக்கம் எழுதுவதற்குள் கால் மரத்துவிடும். என் கதைகள் எல்லாமே மூன்று பக்கத்தில் முடிந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, ஒரு வாரப் பத்திரிகை அப்படியொரு கதையைப் போட்டது. கூடவே ஒரு கார்டும் வந்தது. இன்னும் நீளமாக ஒன்று எழுதுங்கள், இரண்டு மாதத்துக்குள் கிடைத்தால் நல்லது என்று. சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. அப்புறம் கவலை வந்துவிட்டது. மூன்று பக்கத்தில் தெரியாதது பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடாதா? எட்டாவதோடு நின்றவள் என்று கண்டுபிடித்துவிட்டால்? வேறு யாருக்கோ போட வேண்டிய கார்டு தப்பி வந்துவிட்டதோ என்று விலாசத்தை நாலு தடவை படித்துப் பார்த்தேன்.

"மேசை ஒண்ணு வாங்கிடலாம்மே" என்றார் என் வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் அவர். எந்தத் தொல்லையையும் கழற்றிப் பூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். புதுக் கடைகளில் பார்த்தோம். இரும்பு மேசையில் முழங்கை பட்டாலே பாத்திரக்கடை மாதிரி சத்தம். மர மேசைகள், உட்கார்ந்து பார்த்தால், எனக்கு மார்புக்குமேல் வந்தன. அதைவிடப் பெரிய குறை, எல்லாமே தட்டை. வீட்டுக்கு வந்த மறுநாளே குடம் ஏறிவிடும்.

ஒருநாள் லைனிங் துணி வாங்கப் பூந்தமல்லி போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் பழைய மரச்சாமான் கடை ஒன்று. கால் இல்லாத நாற்காலிகளுக்கும் பழைய மர பீரோ ஒன்றுக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. மூடியோடு சேர்த்தே இடுப்பளவு உயரம்தான். முன்பக்கம் கூரை மாதிரி சரிந்து இறங்கும் மூடி. அதைத் திறந்து முன்னால் சாய்த்தால் இரண்டு பக்கமும் சங்கிலி தாங்கிக்கொள்ள, மூடியே எழுதும் பலகையாகிவிடும். உள்ளே புறா மாடம் மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஓரத்தில் நீல மைக்கறை. மூடினால் மேசை முழுக்கச் சரிவு. மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாலும் உருண்டு விழும். இதன்மேல் குடம் ஏறாது.

கடைக்காரர் ஐம்பது வயது பாய், தோளில் துண்டோடு வந்தார். என் கேள்விகளை ஆரம்பித்தேன். கரையான் இருக்கா? சங்கிலி அறுந்துடுமா? மூட்டைப்பூச்சி?

"மூணு நாளு வெயில்ல போட்டு, சந்துல எல்லாம் கொதிக்கிற தண்ணி ஊத்தியாச்சு தங்கச்சி. இதுல மூட்டைப்பூச்சி இருந்தா அதை நான் வளர்க்கிறேன்" என்றார். விலையும் சொன்னார். தையல் காசில் கட்டுப்படியாகும் விலைதான். பிறகு கேட்டார், "யாருக்கும்மா? எழுதறது யாரு?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கையில் லைனிங் பொட்டலம், விரலில் ஊசி குத்திய தழும்பு. இவளா என்று சிரித்துவிட்டால்? எதிர்ச் சாரியில் ஒரு வக்கீலின் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. "ஊட்டுக்காரருக்கு. அவரு வக்கீலு" என்றேன்.

"அப்படின்னா அவரைக் கூட்டிக்கினு வாம்மா. எழுதறவங்க உட்கார்ந்து நாலு வரி எழுதிக் காட்டாம எழுத்து மேசையை நான் கொடுக்கறதில்ல. செருப்பு வாங்கறாப்பல இது. போடற கால் வரணும். இல்லேன்னா நாலு நாள்ல இடுப்பு வலிக்குதுன்னு திருப்பி எடுத்துக்கினு வந்து நிப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. மேசை விற்றுப்போகுமோ என்று ஒரு கவலை, விற்காமல் இருந்தால் இவரை வக்கீலாக்க வேண்டுமே என்று இன்னொரு கவலை. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"நானு வக்கீலா? இன்னாம்மே, என்னைப் பார்த்தா கேஸ் நடத்தறவன் மாதிரி கீதா, கேஸ்ல மாட்டினவன் மாதிரி கீதா?"

"பேசாம உட்கார்ந்து நாலு வரி எழுதுங்க. வாயைத் திறக்காதீங்க, அது போதும்."

"வாயைத் திறக்காத வக்கீலுக்கு எவன் பீஸ் குடுப்பான்?"

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். ஆவடியில் பஸ் மாறும்போதுதான் அவருடைய நகங்களைக் கவனித்தேன். கிரீஸ் கறுப்பு. என் முந்தானையால் தேய்த்தேன். முந்தானைதான் கறுத்தது.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தார். "எழுதுங்க வக்கீல் சார். என்ன வேணா எழுதலாம்." இவருக்கு எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முழங்காலை மேசைக்குள் நுழைக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஐயா, எனக்கு வயிற்றுவலி காரணமாக இரண்டு நாள் விடுப்பு.

பாய் தாளைப் பார்க்கவேயில்லை. குனிந்து முழங்காலைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், முதுகு வளைவதைப் பார்த்தார். "இது உங்களுக்கு வேணாம் சார். இந்த உசரத்துக்கு இதைக் கொடுத்தா என் கடைப் பேரு கெட்டுடும். உள்ளே வாங்க, உங்களுக்குன்னே ஒண்ணு துடைச்சு வெச்சிருக்கேன்." காட்டினார். எட்டு இழுப்பறை, யானை படுத்த மாதிரி. மேலே ஒரு குடும்பமே பாய் போட்டுப் படுக்கலாம். தட்டை.

"அந்தச் சின்னது?" என்றேன்.

"அதுக்கு ஐயப்பன்தாங்கல்ல இருந்து ஒருத்தர் வரேன்னிருக்காரு. நாலு மணிக்கு. மூடியைக் கழட்டிட்டு, மேல கண்ணாடி அடிச்சு, பவுடர் போடற மேசை பண்ணணுமாம். பொண்ணுக்குச் சீரு."

சுவர்க் கடிகாரங்கள் நாலைந்து தொங்கின, ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. இவர் தன் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார். மூன்றரை. "நீ சொல்லிடு" என்று கண்ணாலேயே சொன்னார்.

அக்காவின் அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து தங்கைக்குத் தைக்கச் சொல்லும் பெண்கள் எத்தனை பேரை நான் திட்டி அனுப்பியிருக்கிறேன்! போடப்போகிறவள் வராமல் கத்தரியை எடுக்கமாட்டேன் என்று என் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் என் மேசைக்கு அளவு கொடுக்க ஆறடி ஆளைக் கூட்டிவந்திருந்தேன்.

"பாய், இவரு வக்கீல் இல்ல. ஃபிட்டர்."

"அது அவரு கையைப் பார்த்தப்பவே தெரியும் தங்கச்சி. ஃபிட்டருக்கும் மேசை வேணுமா இருக்கும்னு நினைச்சேன். மேல சொல்லு."

"எழுதறது நான்."

"இன்னா எழுதற?"

"கதை."

சிரிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் துண்டால் தொடையில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "போன வாரமே சொல்றதுக்கு இன்னா? காலையில இருந்து அந்த யானையைத் துடைச்சு என் தோள்பட்டை போச்சு. எழுந்திருங்க தம்பி, அவங்க உட்காரட்டும்."

உட்கார்ந்தேன். கால் தரையில் முழுசாகப் பதிந்தது. முழங்கை பலகையில் தானாக இறங்கியது. யாரோ என்னை அளவெடுத்துத் தச்சனிடம் சொல்லிச் செய்தமாதிரி இருந்தது. பாய் கீழே குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "எழுதும்மா" என்று மட்டும் சொன்னார். இவருடைய வயிற்றுவலிக்குக் கீழே இடம் இருந்தது. பத்துப் பக்கக் கதைக்கு மனசில் ஓடிக்கொண்டிருந்த முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வந்தது. ஆண்கள் இருவரும் சங்கிலியின் ஆணி பற்றிப் பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனது எனக்குத் தெரியாது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் போய்விட்டேன்.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டுத்தான் கை நின்றது. சஃபாரி சட்டை போட்ட ஒருவர். அவர் பின்னாலேயே இவரும் பாயும் வேகமாக வந்தார்கள்.

"பாய், நம்ம மேசை..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யாரோ உட்கார்ந்திருக்காங்களே?"

பாய் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். வக்கீலாக அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் வெளியே வந்தது. "கதை எய்திகினு கீறாங்க சார். பாதியில கீறாங்க. பேச்சு குடுத்தா வுட்டுப்பூடும்."

"ஓ" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மாசம்" என்றார் இவர்.

அவர் உடனே போய்விடவில்லை. வேறு மேசை இருக்கிறதா என்று பாயோடு உள்ளே போனார், வந்தார், மறுபடியும் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதுவதை நிறுத்தினால் மேசை கைவிட்டுப் போய்விடும் என்று எனக்கு பயம். கதையோ அவர் ஸ்கூட்டர் சத்தத்திலேயே ஓடிவிட்டது. அதனால் தலையைத் தூக்காமல் மேனாம்பேட்டு விலாசத்தை எழுதினேன். அதன்கீழே ஒரு ரவிக்கை அளவு. மறுபடியும் விலாசம். ஸ்கூட்டர் மேசை இல்லாமல் கிளம்பிப் போன பிறகும் ஒரு தடவை, மேசையைக் கொண்டுவந்து இறக்கும் வண்டிக்காரனுக்காக. அந்தக் கடைசி விலாசத்தில் கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது.