முத்தம்மாவின் மரத்துப்போன கை

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்குக் காசிமேட்டில் என் ஐஸ் கொட்டகை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். புயலுக்கே பயப்படாத ஆள். அப்படிப்பட்டவனைக் கதிகலங்க வைத்தது என் தங்கச்சி முத்தம்மாவின் கை.

புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு மீன் வெட்டியே பிழைத்தவள் அவள். அவள் வாய்க்குப் பயந்து ஏலக்காரனே ஒதுங்கிப் போவான். 2001-ல் ஒரு காலை வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்க வந்த பொம்பளை அலறினாள். பார்த்தால் விரலில் வெட்டுப்பட்டு கட்டையெல்லாம் ரத்தம். முத்தம்மாவோ அடுத்த துண்டுக்குக் கத்தியை ஓங்குகிறாள்!

"ஐஸுல கெடக்குற கை, மரத்துப் போச்சு" என்று சிரித்தாள். பக்கத்தில் வெட்டும் கோவிந்தம்மாவும் அதையேதான் சொன்னாள். எங்களில் யாருக்குத்தான் மரக்காது? ஆனால் வீட்டுக்குப் போய் சுடுசோறு பிசைந்தால் எங்கள் கைக்கு உயிர் வந்துவிடும். இவளுக்கு வரவில்லை. முழங்கைக்குக் கீழே வெளுத்த படை வேறு. தேமல் என்று விட்டிருந்தாள். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் படைமேல் பஞ்சால் தொட்டார். "தொட்ட எடத்தக் காட்டுங்க."

"நீ இன்னும் தொடவே இல்லியேம்மா" என்றாள் முத்தம்மா.

அவர் திரும்பத் திரும்பத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கை நரம்பைத் தடவினார். கயிறு மாதிரி தடித்திருந்தது.

"தொழுநோய். ஒரு வருஷம் விடாம மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும். மாத்திரை ஆரம்பிச்சுட்டா மத்தவங்களுக்கு ஒட்டாது. ஆனா போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது. கிளவுஸ் போட்டுத்தான் வெட்டணும். தெனமும் காயம் பாக்கணும். இல்லன்னா வெரலே போயிடும்."

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, மார்க்கெட்டுல எவ கிளவுஸு போட்றா? இன்னா ஏதுன்னு நோண்டுவாளுங்க. தெரிஞ்சா என் கையால வெட்டின மீன எவ துன்னுவா? வெரலு போனா போவட்டும்."

விடுவேனா நான்? மறுநாளே ரப்பர் கிளவுஸு கட்டுக்கட்டாக வாங்கினேன். கொட்டகை ஆட்களுக்கும், வெட்டுகிற பொம்பளைகளுக்கும் கொடுத்தேன். முதலில் நானே மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

"இன்னா மாமு, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றான் ஏலம் கூவும் திருமலை.

"ஆமாண்டா, ஒன் நாக்குக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். எவனாவது முத்தம்மா பக்கம் திரும்புகிறானா என்று என் கண் அலைந்தது.

"கலீஜு, வழுக்குது" என்று கோவிந்தம்மா சீக்கிரமே கழற்றி எறிந்தாள். ஒவ்வொருத்தராய்க் கழற்றினார்கள். கிளவுஸோடு முத்தம்மா தனியாகத் தெரிந்துவிடுவாளே என்று நானும் கழற்றவில்லை. ஐஸுக்காரனுக்குத் திமிரு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாத்திரையில் அவள் முகம் கறுத்தபோது, "வெயிலு" என்று அவளே சமாளித்தாள்.

மாத்திரை முடிந்து நோயும் போய்விட்டது. மரத்தது மட்டும் போகவில்லை. சாயங்காலம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டுவாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பிக் காயம் தேடுவேன். கடைசி விரலைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடமாட்டோம்.