ஏழாம் இலக்கப் போத்தல்

பல்கலைக்கழக விடுமுறையில், சுற்றாடல் சுகாதார ஆய்வுக்காகத் தலைமன்னாரில் வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீர் சேகரித்தேன். கைக்குழந்தைக்காரியான ஓர் அக்கா தானே வாளியில் அள்ளித் தந்தார். போத்தலில் ஏழு என்று எழுதிக்கொண்டு, "பிழையெண்டால் வந்து சொல்லுறன், அக்கா" என்றேன்.

இரண்டே கிழமையில் முடிவு வந்தது. நைத்திரேற்று மிக அதிகம், கைக்குழந்தைகளுக்கு நஞ்சு. அறிக்கையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது குழந்தையின் ஏணைத் தொட்டில் அவிழ்க்கப்பட்டிருந்தது.

"உடம்பெல்லாம் நீலமாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது, தங்கச்சி. முந்தி பவுசர் லொறியில வாற தண்ணியிலதான் பால்மா கரைக்கிறனான். நீங்கள் வரேல்லைத்தானே, கிணறு நல்லதெண்டு நினைச்சுப்போட்டன்."

அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முடிவு எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.