துரைக்குப் பத்தியம்

யோகம்மாவுக்குக் கோபம் வந்தது என்று யாராவது எழுதினால் அது பிழை. கோபம் அவளிடம் நிரந்தரமாகக் குடியிருந்தது. வந்து போனவை பசி, தூக்கம், விருந்தாளிகள் போன்ற சில்லறைகள்தான். சல்லிக் கரையில் பிறந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் சீதனத்தோடு கோபத்தையும் கொண்டுவந்தாள். சீதனம் கரைந்துவிட்டது.

மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டாமல் நிறுத்தால் கோபம். ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கினால் கோபம். யுத்தம் வந்த பிறகு உலகமே ஒன்றுகூடி அவளுக்கு வேண்டிய வசதிகளைச் செய்துகொடுத்தது. அரிசி அளந்து தந்தார்கள். இரவில் விளக்கை மூடச் சொன்னார்கள். கடலைப் பார்க்க விடாமல் சாம்பல் நிறக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆரோ ஆரோடையோ பிடிக்கிற சண்டைக்குத் தன் குசினி விளக்கு ஏன் அணைய வேண்டும் என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சக்கரவர்த்தியின் சர்க்கார் இன்றுவரை பதில் தரவில்லை.

அவளுடைய கணவர் வல்லிபுரம் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் பியோன். காலமெல்லாம் மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மனிதர். குண்டு விழும் நேரத்தில் சனத்தை ஒதுங்கச் சொல்ல அவரைத்தான் தெருவுக்குக் குண்டுக் காவலராகப் போட்டு, ஓர் இரும்புத் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். மறுநாளே அவருடைய நடை மாறிவிட்டது. சோறு கேட்பதற்கும் விசில் ஊதிப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான்.

மகள் கலியாணம் முடித்து இறக்கக்கண்டிக்குப் போனபின் அந்த வீட்டில் யோகம்மாவின் கோபத்துக்கு ஆளாகாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிளி. தோளில் சிவப்புப் பட்டையும், வேலை செய்யாமல் நேரத்துக்குச் சாப்பாடு கேட்கிற குணமும் இருந்ததால் அதற்குத் துரை என்று பேர் வைத்திருந்தாள். வலது காலில் ஒரு மெல்லிய சங்கிலி. மறு நுனி யன்னல் கம்பியில். துரை இடது காலால் பச்சை மிளகாயைத் தூக்கிப் பிடித்து, விதையைத் தின்று, தோலை வல்லிபுரத்தின் சாய்மனைக் கதிரையில் போடும். இரும்புத் தொப்பி வீட்டுக்கு வந்ததும் அது தன் ஆசனத்தை மாற்றிக்கொண்டது. யன்னல் படியில் கவிழ்த்தி வைத்த தொப்பியின் உச்சிதான் அதற்குப் பிறகு துரையின் இடம்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை வருசத்துக்குச் சில நாள் முன்னே, ஒரு காலையில் யப்பான்காரன் வந்தான். அபாயச் சங்கு ஊதியது. வல்லிபுரம் தெருவிலிருந்து வீட்டுக்குள் பாய்ந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார். அதை ஒரே இழுப்பில் பறித்துக்கொண்டு ஓடினார். உச்சியிலிருந்த துரை வெருண்டு எழுந்து பறந்தது. சங்கிலி முடியும் இடத்தில் அதன் பறப்பும் முடிந்தது.

துறைமுகப் பக்கம் அன்று விழுந்த குண்டுகளின் சத்தத்தை ஊரெல்லாம் ஆண்டுக்கணக்கில் கதைத்தது. யோகம்மாவைக் கேட்டால், தனக்குக் கேட்டது ஒரு ஈர்க்கு முறிந்த சத்தம் மட்டும்தான் என்பாள்.

பட்டினம் காலியாயிற்று. பாய், சட்டி, பானை, ஆடு என்று சனம் பிடித்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு நடந்தது. வல்லிபுரமும் யோகம்மாவும் பாலையூற்றில் அவளுடைய மச்சாள் முறையான ஒருத்தியின் கிடுகு வீட்டுக்கு வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள். துரை அவள் மடியில் ஒரு ஓலைப்பெட்டிக்குள் கிடந்தது. வலது கால் தன்பாட்டில் தொங்கியது. வழியில் வல்லிபுரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யோகம்மா பெட்டிக்குள் குனிந்து சொன்னாள்:

"துரை, யப்பான்காரன் துறைமுகத்தைத்தான் உடைச்சவன். வீட்டுக்குள்ள பூந்து உடைச்சது ஆர் எண்டு கேள்."

அதோடு அவள் கணவரோடு நேரே கதைப்பதை நிறுத்திவிட்டாள். எல்லாம் துரை வழியாகத்தான். கஞ்சி ஆறுதாம் எண்டு சொல்லு துரை, சைக்கிளை மழையில விட்டிருக்காம் எண்டு சொல்லு துரை. அவரும் வேறு வழியில்லாமல், விடியப் பட்டினத்துக்கு வேலைக்குப் போவதாகத் துரையிடமே அறிவித்துவிட்டுப் போனார். வருசப் பிறப்பன்று அவள் கிளியின் தலையில் மருத்துநீர் தொட்டு வைத்தாள். அவருடைய தலைக்கு அவரே வைத்துக்கொண்டார்.

முறிவுக்குப் பரியாரி அந்தத் தெருவிலேயே அகப்பட்டார். முஹம்மது தம்பி தோப்பூர்க்காரர். மகளைப் பார்க்க வந்த இடத்தில், குடாவைக் கடக்க வள்ளமில்லாமல் மாட்டிக்கொண்டவர். பனையால் விழுந்தவர்களையும் மாடு முட்டினவர்களையும் நிமிர்த்திவிட்ட கைகள். அந்தக் கைகளால் தென்னீர்க்கைச் சீவி இரண்டு பக்கமும் வைத்து, பழஞ்சீலைக் கீலத்தால் பூச்சூடுகிற பதத்தில் கட்டினார். பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, பறக்க விடாமல் வைத்திருக்கச் சொன்னார். சங்கிலியை இனிப் பூட்ட வேண்டாம் என்றார். எழும்பினார்.

யோகம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பத்தியம் சொல்லாமல் போகிறாரே, இதென்ன வைத்தியம் என்று கேட்டாள். மருந்துக்குப் பத்தியம் சொல்லாத பரியாரியை அவளுடைய பரம்பரையில் யாரும் நம்பியதில்லை. கொடி இல்லாவிட்டால் தாலி இல்லாததுபோல, பத்தியம் இல்லாவிட்டால் அது மருந்தேயில்லை. முஹம்மது தம்பி அவள் முகத்தைப் பார்த்தார், அவள் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார். பனையால் விழுந்தவர்களுக்குச் சொல்வதை அப்படியே ஒப்புவித்தார். உறைப்பு ஆகாது, புளி ஆகாது, பழம் குளிர்ச்சி, தேங்காய் சூடு, பழைய அரிசிக் கஞ்சி மட்டும். பத்தியத்தை முறித்தால் எலும்பு விலகும்.

அதன்பின் துரைக்கு நடந்ததைப் பஞ்சம் என்று சொல்லலாம்.

கஞ்சியை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பியது. அவள் விரலில் தொட்டு அலகில் தடவினாள், உதறியது போக ஒன்றிரண்டு சொட்டுத்தான் உள்ளே போனது. மச்சாள் ஒரு துண்டு பப்பாசிப் பழத்தோடு வந்தாள். பழத்தோடேயே திரும்பிப் போனாள். கத்துவது நின்றது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, வைக்கோலில் வயிற்றை வைத்துக் கிடந்தது. இரண்டு கிழமை கழித்து முஹம்மது தம்பி வந்து கட்டை அவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்து, எலும்பு பொருந்திவிட்டது, இனி நிற்பது அதனுடைய வேலை என்றார். துரை நிற்கவில்லை. நிறுத்திப் பிடித்தால் சரிந்தது.

யோகம்மாவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது: யாரோ பத்தியத்தை முறித்திருக்கிறார்கள். பத்தியத்தை இன்னும் இறுக்கினாள். கஞ்சியிலிருந்து உப்பையும் எடுத்தாள். பெட்டியைத் தன் பாயருகே வைத்துக்கொண்டு காவலிருந்தாள். கிளி இன்னும் இரண்டொரு நாளில் செத்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தாங்கமுடியாமல் எல்லோரையும் ஏசினாள். யப்பானை ஏசினாள், இங்கிலாந்தை ஏசினாள், இரும்பைக் கண்டுபிடித்தவனை ஏசினாள். ஏச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய துரை மட்டும் கண் திறக்கவில்லை. அதனால் வல்லிபுரத்துக்கு அந்த நாட்களில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. ஏச்சில்லாத வீட்டில் இருப்பது எவ்வளவு பயங்கரம் என்பதை அந்த மனிதர் அப்போதுதான் அறிந்தார்.

ஒரு பின்னேரம் அவள் கிணற்றடிக்குப் போன நேரத்தில் அவர் பட்டினத்திலிருந்து திரும்பினார். அங்கே ஆளில்லாத அவர்களுடைய வீட்டு வளவில் மிளகாய்க் கன்று யுத்தம் தெரியாமல் காய்த்துத் தள்ளியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்துப் பெட்டிக்கு மேலே நீட்டினார்.

யோகம்மா குடத்தோடு வாசலுக்கு வந்தபோது துரை கழுத்தை நீட்டியிருந்தது. காயை அலகால் கவ்வியது. பிறகு, மிளகாயைத் தின்ன அதற்குத் தெரிந்த ஒரே வழியில், இடது காலைத் தூக்கிக் காயைப் பிடித்தது. மற்றக் கால், முறிந்த வலது கால், நடுங்கி, சரியப் பார்த்து, நின்றது. விதை கடிபடும் சத்தம் கேட்டது.

வல்லிபுரம் அடி வாங்கத் தயாராகத் தோளை ஒடுக்கிக்கொண்டார். யோகம்மா குடத்தை இறக்கி வைத்தாள். காலை உடைத்தவனை ஒருநாள் மன்னித்துத் தொலைக்கலாம். பிறகு அவளைவிடச் சரியாகவும் நடந்துகொண்டு நிற்கிறவனை எப்படி மன்னிப்பது? அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முஹம்மது தம்பியின் வாசலுக்குப் போனாள்.

"நானா, கிளிக்குப் பத்தியம் எண்டு ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

முஹம்மது தம்பி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "நீங்கதான் தங்கச்சி. நான் பேசாமத்தானே எழும்பினன். வாசல மறிச்சது ஆரு?"

அவள் ஓரடி பின்வாங்கினாள். அந்த ஊர் அதுவரை காணாத காட்சி. ஆனால் உறைப்புத் தின்றாயிற்றே, எலும்பு விலகினால் என்ன செய்வது என்று கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். விலகாது என்று சொன்னால் இவள் நம்பமாட்டாள் என்பதைப் பரியாரி இதற்குள் படித்திருந்தார்.

"பால்குடிப் புள்ளைக்கு மருந்தெண்டா பத்தியம் ஆரு இருக்கிற? தாய்தானே. ஊட்டில பெரியாக்கள் ஒராள் இருந்தாச் சரி. கிளி திங்கிறதத் திங்கட்டும்."

அவளையே பத்தியம் இருக்கவைத்து நல்ல தண்டனை கொடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். யோகம்மா அதை வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போது அவள் முகம் தெளிந்திருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மச்சாள் சுறாப் புட்டு வறுத்திருந்தாள். வாசம் வேலிக்கு வெளியே போனது. வல்லிபுரத்துக்கு முன்னால் யோகம்மா ஒரு கோப்பையை வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். கஞ்சி. துரைப் பக்கம் திரும்பி, கறி இல்லையாமோ என்று கேட்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள். சித்திரைக்கு முன்னிருந்து அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் கதை அது.

"துரைக்குக் கால் முழுசாத் தேறுமட்டும் வீட்டில ஒராள் பத்தியம் காக்கவேணுமாம். முறிச்ச ஆள் இருக்க நான் ஏன் இருக்கவேணும்? குடியுங்கோ."

பெட்டியின் விளிம்பில் வலது காலை ஊன்றி நின்ற துரை, அடுத்த மிளகாயைக் கடித்தது.

வல்லிபுரம் குடித்தார். உப்பில்லை என்பதை அவர் சொல்லவில்லை.